சூடு வராத டிரையர்

அன்பு மகளுக்கு,

டிரம் சுற்றுகிறது, சூடு மட்டும் வரவில்லை என்று எழுதியிருந்தாய். அப்படியானால் பெல்ட்டும் மோட்டாரும் சரியாக இருக்கின்றன, அவற்றைத் தொடாதே. சாயங்கால மழையில் துணி காயாதுதான், அதற்காக அவசரப்பட்டுப் புது மெஷின் வாங்கிவிடாதேம்மா.

முதலில் டயல் குளிர்காற்றில் நிற்கிறதா பார். பிறகு மெஷினில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படி. ஹீட் பம்ப் என்று இருந்தால் திறக்காதே, அதன் அமைப்பே வேறு. குழாய் வழியாகக் காற்றை வெளியே தள்ளும் 2000 வாட் ரகம் என்றால் மேலே படி.

மூன்று பின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடு, சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. அரைமணி ஆறவிடு. பின்பலகையைக் கழற்றியதும், வயரில் கை வைப்பதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொள்.

ஹீட்டர் பெட்டியின் மேல் காசளவில் இரண்டு வட்டச் சாமான் இருக்கும். ஒன்று தெர்மோஸ்டாட், சூட்டை அளவில் வைப்பது. மற்றது கட்-அவுட், சூடு மீறினால் கரண்டை வெட்டுவது. மல்டிமீட்டரை 200 ஓமில் வை. ஒவ்வொன்றிலும் ஒரு வயரையாவது உருவிவிட்டு அள, இல்லையென்றால் மீட்டர் வேறு வழியாகச் சுற்றிவந்து பொய் சொல்லும். இரண்டும் பூச்சியத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். ஹீட்டர் சுருள் 26 முதல் 29 ஓம். இரட்டைச் சுருள் என்றால் தனித்தனியே அளக்கும்போது கூடுதலாகக் காட்டும். சுருள் முனைக்கும் தகரப் பெட்டிக்கும் நடுவே எண் எதுவும் வரக் கூடாது. வந்தால் சுருள் பாடியைத் தொடுகிறது, கரண்ட் கசிந்தால் வெட்டும் இ.எல்.சி.பி. சுவிட்ச் விழுவது அப்படித்தான். ஹீட்டரையே மாற்று.

ஆனால் நீ சொல்வதைப் பார்த்தால் எனக்குக் கட்-அவுட் மேல்தான் சந்தேகம். நடுவில் சிறு பொத்தான் இருந்தால் அழுத்து, டிக்கென்று உட்காரும். பொத்தான் இல்லாத ரகத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு புடு ஜாலான் பாசார் எலக்ட்ரானிக் சாமான் கடைகளில் கேள். மேலே அச்சிட்டிருக்கும் டிகிரி மாறக் கூடாது. தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து மாற்று. அது ஒட்டிக்கொண்டு சூட்டை நிறுத்தாமல் விட்டாலும் கட்-அவுட் போகும். இரண்டு வயரையும் நேரே முறுக்கி ஓட்டலாம் என்று எவன் சொன்னாலும் கேட்காதே. உள்ளே இருப்பது பஞ்சு, பற்றிக்கொள்ளும்.

போன காரணத்தைத் தேடாமல் சாமானை மட்டும் மாற்றினால் புதியதும் போய்விடும். காற்று ஓடாததுதான் பெரும்பாலும் காரணம். மெஷினைச் சுவரோடு தள்ளி வைத்தால் பின்னால் குழாய் நசுங்கும். குழாயைக் கழற்றி உதறு, அடை அடையாகப் பஞ்சு விழும். பஞ்சு பிடிக்கும் வடிவலையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துப் பார். தண்ணீர் இறங்காமல் தேங்கினால், துணியோடு போடும் வாசனைத் தாளின் மெழுகு வலைக்கண்களை அடைத்திருக்கிறது. சோப்புப் போட்டுப் பிரஷால் தேய், காயவைத்து மாட்டு. இன்னொன்று, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பாதியில் அணைக்கிறாயா? கடைசி பத்து நிமிடக் குளிர்காற்று சுருளை ஆற்றுவதற்கு. அதற்குள் காற்று நின்றால் சூடு உள்ளேயே தேங்கிக் கட்-அவுட்டை அடித்துவிடும்.

எல்லாம் மாட்டிய பின் வெறும் டிரம்மைப் பத்து நிமிடம் ஓட்டு, குழாய் வாயில் கை வைத்துப் பார். எக்ஸ்டென்ஷன் வேண்டாம், எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சாக்கெட் கருகியிருந்தால் மட்டும் நீ தொடாதே, பதிவுள்ள வயர்மேனைக் கூப்பிடு. மீட்டரில் வந்த எண்களை எழுதி அனுப்பு.

அப்பா