வராத பத்தாயிரத்தை "வந்துவிட்டது" என்று சாதிக்கும் வங்கிக்கு

அனுப்புநர்: சேமிப்புக் கணக்கு வாடிக்கையாளர், திருநெல்வேலி (கணக்கு எண், புகார் எண் இணைப்பில்)

பெறுநர்: முதன்மை மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: ஏ.டி.எம்.மில் வராத ரூ.10,000ஐத் திரும்பத் தரவும், சி.சி.டி.வி. பதிவை அழிக்காமல் வைக்கவும் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். கஸ்டமர் கேர், கிளை, மண்டல அலுவலகம், மறுபடி கிளை என்று ஏறி இறங்காத படி இல்லை. என் விவரமெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொருவரும் "முதல்ல இருந்து சொல்லுங்க சார்" என்கிறார்கள். அதனால் எழுத்தில் தருகிறேன்.

ஜங்ஷன் பக்கம் உள்ள உங்கள் ஏ.டி.எம்.மில் இரவு எட்டரை மணி வாக்கில் கார்டைப் போட்டு, பின் நம்பரைக் கையால் மறைத்தபடி அழுத்தி, பத்தாயிரம் கேட்டேன். உள்ளே நோட்டு எண்ணுகிற சத்தம் நன்றாகவே கேட்டது. "பணத்தை எடுத்துக்கொள்ளவும்" என்று திரையில் வந்தது. எடுக்கத்தான் பணம் இல்லை. காத்திருந்தேன், கேன்சல் தட்டிப் பார்த்தேன், எஸ்.எம்.எஸ். மட்டும் டாண் என்று வந்தது, பத்தாயிரம் டெபிட். வாட்ச்மேன் கிடையாது. உதவி எண் ஸ்டிக்கரின் கடைசி எண்களை யாரோ சுரண்டிவிட்டிருந்தார்கள். கார்டின் பின்னால் இருந்த எண்ணுக்கு அங்கேயே நின்று போன் செய்தேன்.

அந்த போனில் பேசிய தம்பியைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். "சார், பணம் வரலைன்னு நீங்க சொல்றீங்க, வந்துடுச்சுன்னு சிஸ்டம் சொல்லுது. சிஸ்டம் பொய் சொல்லுமா?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருக்குப் பின்னால் யாரோ "டீயா, காபியா" என்று கேட்டது வரை என் காதில் விழுந்தது. "வீட்டுக்குப் போய் பர்ஸை நல்லாப் பாருங்க சார்" என்று ஒரு யோசனை வேறு. இத்தனை வருஷம் ஜவுளிக்கடையில் கல்லா பார்த்தவன் நான். ஒருநாள்கூட ஒரு ரூபாய் குறைந்ததில்லை. என்னிடமா இந்தப் பேச்சு? தரத்துக்காக அழைப்புகளைப் பதிவு செய்கிறோம் என்கிறீர்களே, அதை எடுத்து நீங்களே கேளுங்கள்.

மறுநாள் காலை அதே மெஷினைப் போய்ப் பார்த்தேன். பணம் வரும் வாயின் இரண்டு ஓரத்திலும் டபுள் டேப் பசை. அதில் கறுப்புத் தகட்டின் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றது. போட்டோ இணைத்திருக்கிறேன். மெஷினின் நிறத்திலேயே ஒரு தகட்டை வாயில் ஒட்டி நோட்டை மறித்து, ஆள் ஏமாந்து போனதும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போகிற திருட்டு இது. உங்களுக்கு இது புதிதாக இருக்க முடியாது, மெஷின் உங்களுடையது. நோட்டு வாசல் வரை வந்துவிட்டால் உங்கள் சிஸ்டத்துக்கு அது "சக்ஸஸ்". வெளியே தகடு இருப்பது அதற்கு எப்படித் தெரியும்?

உள்ளே சுவரில் ஒரு நோட்டீஸ். பின் நம்பரை மறைக்கவும், முன்பின் தெரியாதவரிடம் உதவி கேட்காதீர், ரசீதைக் கீழே போடாதீர். எல்லாம் எனக்கான அறிவுரை, எல்லாவற்றையும் செய்தேன். மெஷின் வாயில் தகடு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது யார் வேலை என்று அந்த நோட்டீஸில் இல்லை.

கிளையில் "அது ஏஜென்சி பணம் நிரப்புற மெஷின், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்றார்கள். லீவு போட்டு மதுரை மண்டல அலுவலகத்துக்கு பஸ் ஏறினேன். சாப்பாட்டு நேரம் முடியும் வரை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, "அந்த சீட் ஆள் டிரெய்னிங் போயிருக்கார், மெயில் போடுங்க" என்றார்கள். அதைச் சொல்லவா மதுரை வரை? சி.சி.டி.வி. கேட்டால் போலீஸ் கடிதம் வேண்டுமாம். போலீஸில் புகார் கொடுத்ததற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அது போதாதாம். திரும்பி வருகிற வழியிலேயே எஸ்.எம்.எஸ்.: "உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது."

அது சீட்டுக்குக் கட்ட வைத்திருந்த பணம். தவணை தவறி, சீட்டுக்காரர் முன்னால் தலைகுனிந்து, வட்டிக்கு வாங்கிக் கட்டி, வீட்டில் நிம்மதி போய், என் பெயரே கெட்டுவிட்டது. இதற்கெல்லாம் கணக்குப் போட்டால் பத்தாயிரம் எந்த மூலைக்கு?

தயவுசெய்து கோபித்துக்கொள்ள வேண்டாம், விதியைச் சொல்கிறேன். ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால், ஐந்து நாளுக்குள் தானாகவே திருப்பித் தர வேண்டும், தாண்டினால் நாளுக்கு ரூ.100 இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கை. இல்லை, இது திருட்டு என்று நீங்கள் சொன்னால் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை இருக்கிறது. வங்கியின் குறைபாட்டால் நடந்திருந்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு பூஜ்யம். பொறுப்பு அவருடையதுதான் என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். "பணம் வரலைன்னு நிரூபிங்க" என்று என்னிடம் கேட்ட உங்கள் அதிகாரி இதை ஒரு முறை படித்தால் நல்லது.

எனவே ரூ.10,000ஐ இழப்பீட்டுடன் கணக்கில் வரவு வைக்கவும். அன்று இரவு எட்டு முதல் மறுநாள் காலை ஏழு வரையிலான கேமரா பதிவை அழிக்காமல் எடுத்துவைக்கவும். அந்த மெஷினுக்கு இரவுக் காவல் போடவும். நீங்கள் நல்லபடியாகச் செய்வீர்கள் என்றுதான் இன்னும் நம்புகிறேன். நான் எழுத்தில் கொடுத்த முதல் புகாருக்கு 30 நாள் கெடு முடியும்போதும் பதில் இல்லையென்றால் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்கும், தேவைப்பட்டால் நுகர்வோர் கோர்ட்டுக்கும் போவேன். ரிசர்வ் வங்கியின் உதவி எண் 14448க்குப் போன் போட எனக்கும் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாடிக்கையாளர்

பி.கு.: இது பற்றி என்னைக் கூப்பிடுவதானால் கூப்பிடுங்கள், மாலை ஆறுக்கு மேல். அந்தச் சிரித்த தம்பியை மட்டும் பேசவைக்க வேண்டாம்.