இருபது வயதுக் காரைக் கைவிடாதீர்கள்: சொகுசு ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

சொகுசு ஸ்போர்ட்ஸ் கார் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம்.

உங்கள் ஷோரூமில் புது கார் வாங்கியவன் இல்லை நான். நீங்கள் இருபது வருடத்துக்கு முன்னால் செய்து அனுப்பிய ஒரு காரை, பல கை மாறிய பிறகு வாங்கி, இன்றைக்கும் ஆசையோடு ஓட்டிக்கொண்டிருக்கிறவன். எந்த நிறுவனத்தின் கார் என்று எழுதப்போவதில்லை, ஏனென்றால் இங்கே சொல்வது ஏறக்குறைய உங்கள் எல்லாருக்குமே பொருந்தும். பதினைந்து வயதிலிருந்து முப்பது வயது வரை உள்ள கார்களை நீங்கள் மறந்துவிடுகிறீர்கள். புதுசுக்கு வாரன்டி இருக்கிறது, ஐம்பது வயதுக் காருக்கு அருங்காட்சியகமும் ஏலமும் இருக்கிறது, நடுவில் இருக்கும் எங்கள் கார்களுக்குத்தான் கேட்க ஆள் இல்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன், அதுவும் மனசாரத்தான். டர்போ இல்லாமல் காற்றைத் தானாக இழுத்துக்கொண்டு உச்சம் வரை ஏறுகிற என்ஜின்களை நீங்கள் ஒரு காலத்தில் செய்தீர்கள். ஃபெராரி எஃப்355-இல் இருந்த 3.5 லிட்டர் வி8, சிலிண்டருக்கு ஐந்து வால்வுகளோடு 8,500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை போகும். ஹோண்டா என்எஸ்எக்ஸில் டைட்டானியம் கனெக்டிங் ராட் போட்டு ஒரு வி6-ஐ 8,000 வரை சுற்ற வைத்தார்கள், அதுவும் 1990-இல். அந்த மாதிரி ஒரு என்ஜினில் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவு, மிதித்த நொடியிலேயே வரும், டர்போ சுழன்று எழும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முக்கால்வாசி ஆர்பிஎம் தாண்டும்போது சத்தம் ஆளே மாறிவிட்ட மாதிரி மாறும், உடம்பு சிலிர்க்கும், ரேடியோவைப் போடவே தோன்றாது. ஸ்டியரிங்கைச் சொல்லியே ஆக வேண்டும். ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் ஸ்டியரிங்கில் சாலையின் சொரசொரப்பு, முன் டயர் பிடிப்பை விடப்போகிற நேரம், எல்லாமே உள்ளங்கைக்கு வந்து சேரும். போர்ஷே 911-ஏ கூட 2011-இல் அறிமுகமான 991 தலைமுறையில் எலக்ட்ரிக் ஸ்டியரிங்குக்கு மாறிவிட்டது. புது கார்கள் வேகத்தில் எங்கள் காரைச் சுலபமாகத் தோற்கடிக்கும், சந்தேகமே இல்லை, ஆனால் அதிகாலையில் காலியான வளைவுச் சாலையில் கிளட்ச்சை மிதித்து, கையால் கியரை இறக்கி, என்ஜின் சுருதி சேர்கிற அந்தக் கணம் இருக்கிறதே, அதை இன்று நீங்கள் விற்கும் பெரும்பாலான கார்களில் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. அதனால்தான் இதை விடாமல் வைத்திருக்கிறோம்.

செலவைப் பற்றி இங்கே புலம்ப வரவில்லை. கார் வாங்கும் விலைதான் வருடா வருடம் இறங்குமே தவிர, பிரேக் டிஸ்க்கும் கிளட்ச்சும் ஷாக் அப்சார்பரும் அந்தக் கார் புதிதாக இருந்தபோது என்ன விலைக்கு விற்றதோ அந்தக் கணக்கில்தான் வரும். இதைத் தெரிந்துதான் வாங்குகிறோம், தெரியாமல் வாங்குகிறவர்களுக்கு எங்களில் ஒருவர் சொல்லிவிடுவார். எஃப்355-இல் டைமிங் பெல்ட் (வால்வுகளை என்ஜினின் சுற்றோடு ஒத்துப்போக வைக்கும் பட்டை) மாற்ற என்ஜினையே வெளியே இறக்க வேண்டும், அது அந்தக் காரின் அமைப்பு, சரி. அடுத்து வந்த 360 மாடெனாவில் சீட்டுக்குப் பின்னால் ஒரு மூடியைக் கழற்றினாலே பெல்ட்டை எட்டிவிடலாம், எஃப்430-இல் பெல்ட்டே இல்லாமல் செயினுக்கு மாறினார்கள். பழுது பார்ப்பவரையும் நினைத்து வடிவமைக்க உங்களுக்குத் தெரியும் என்பதற்கு இதுவே சாட்சி.

வயதாவதும் இயற்கைதான். இந்தக் கார்களில் கிலோமீட்டரை விட வருடங்கள்தான் அதிகம் தின்கின்றன. சஸ்பென்ஷன் புஷ், கூலன்ட் ஹோஸ், கதவு ரப்பர், என்ஜின் மவுண்ட் எல்லாம் ரப்பர், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இறுகி வெடிக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய எரிபொருள் ஹோஸ்களையும் சீல்களையும் பதம் பார்க்கும். டயரில் பட்டன் (சாலையைப் பிடிக்கும் பள்ளங்கள்) இன்னும் ஆழமாக இருந்தாலும் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படித்து, எந்த வருடம் எந்த வாரம் செய்தது என்று பார்த்து, வயதானால் தூக்கிப்போட வேண்டும். இன்னொன்று, கார் ஓடாமல் நின்றால்தான் சீக்கிரம் கெடும்: பேட்டரி படுத்துவிடும், பிரேக் டிஸ்க்கில் துரு ஏறும், சீல்கள் காய்ந்து ஆயில் கசியும். பத்திரமாக மூடி வைத்த குறைந்த கிலோமீட்டர் காரை விட, வாராவாரம் ஓடிய அதிக கிலோமீட்டர் கார் பல நேரம் நல்ல நிலையில் இருப்பது இதனால்தான். இதெல்லாம் எங்கள் பொறுப்பு, பார்த்துக்கொள்கிறோம்.

எங்களால் பார்த்துக்கொள்ள முடியாதது வேறு இருக்கிறது, அது உங்கள் கையில் மட்டும் இருக்கிறது.

என் காரில் கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறியில் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான். அதைத் தனியாகக் கொடுப்பதில்லை, மோட்டாரோடு முழு செட்டாகத்தான் பட்டியலில் இருக்கிறது, அந்த முழு செட்டையும் இப்போது தயாரிப்பதில்லை என்று பதில் வந்தது. அவ்வளவு பெரிய நிறுவனம், அவ்வளவு அழகான கார், ஒரு பல்சக்கரத்துக்காகக் கண்ணாடி பாதியில் நிற்கிறது! கடைசியில் ஒரு லேத் பட்டறைக்காரர் உடைந்த துண்டுகளை ஒட்டி வைத்து அளவெடுத்து புதிதாகக் கடைந்து கொடுத்தார். அவர் கடைந்தது உங்களுடையதை விட உறுதியாக இருக்கிறது. அவரால் ஒரு மதியத்தில் முடிந்தது உங்களால் முடியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

இது என் ஒருவன் கதையும் இல்லை. 1990களின் முதல் பாதியில் வந்த மெர்சிடிஸ் கார்கள் பலவற்றில் என்ஜின் வயரிங்கின் மேல் உறை சூட்டில் நொறுங்கி உதிரும். ஜாகுவாரின் வி8 எக்ஸ்கே8-இல் ஆரம்பத்தில் வந்த, டைமிங் செயினைத் தளராமல் இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர்கள் பிளாஸ்டிக் உடம்போடு வந்து விரிசல் விட்டன, பிறகு உலோக உடம்போடு வந்ததை எடுத்துப் பழைய என்ஜின்களில் பொருத்தித்தான் சொந்தக்காரர்கள் நிம்மதி அடைந்தார்கள். போர்ஷேயின் 996 தலைமுறை 911-இல், உடைந்தால் என்ஜினையே கெடுத்துவிடும் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் என்றாலே அந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும், அதற்கு மாற்றுப் பேரிங்குகளைத் தேடித் தேடிச் செய்து கொடுத்தவர்கள் பெரும்பாலும் வெளியில் இருக்கும் சின்ன நிறுவனங்கள்தான். உள்ளே பொத்தான்களுக்கு மேல் பூசிய மென்மையான பூச்சு வருடங்கள் போனதும் உருகிப் பிசுபிசுக்கும் கதையை இத்தாலியக் கார் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குறை வருவது தப்பு என்று நான் சொல்லவில்லை, இருபது வருடம் கழித்து எது எப்படிப் போகும் என்று யாராலும் முழுதாகக் கணிக்க முடியாது. தெரிந்த பிறகும் தீர்வை யாரோ செய்யட்டும் என்று விடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

கியர்பாக்ஸ் ஆயில் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பல கார்களின் கையேட்டில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஆயில் மாற்றவே தேவையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த கியர்பாக்ஸைச் செய்து உங்களுக்குக் கொடுக்கும் ஸெட்எஃப் நிறுவனமோ 80,000-இலிருந்து 120,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்தில், மாற்றச் சொல்கிறது. கையேட்டை நம்பியவர் மாற்றாமலே விட்டு, பிறகு முழு கியர்பாக்ஸுக்கும் பணம் கட்டுகிறார். பழைய மாடல்களுக்கான சர்வீஸ் அட்டவணையைத் திருத்தி வெளியிட உங்களுக்கு என்ன செலவாகும்? ஒரு பக்கம் தாள்.

இப்போது மென்பொருள். இரும்பும் ரப்பரும் எப்படியாவது கிடைக்கும், செய்துகொள்ளலாம். மென்பொருளை எந்த லேத்திலும் கடைய முடியாது. 1990களின் பிற்பகுதியிலிருந்து இந்தக் கார்களுக்குள் மாட்யூல் மேல் மாட்யூலாக, அதாவது சின்னச் சின்னக் கணினிப் பெட்டிகளாக, வைத்தீர்கள், கதவுக்கு ஒன்று, சீட்டுக்கு ஒன்று, சஸ்பென்ஷனுக்கு ஒன்று. பலவற்றை அந்தந்தக் காரின் அடையாள எண்ணோடு பிணைத்தீர்கள். அதனால் விபத்தில் போன இன்னொரு காரிலிருந்து நல்ல நிலையில் உள்ள மாட்யூலைக் கழற்றி வந்து மாட்டினாலும் அது பேசாது, உங்கள் சர்வீஸ் சென்டரின் கணினி சம்மதம் சொல்ல வேண்டும். திருட்டைத் தடுக்கத்தான் என்பீர்கள். சரியான சாவி இல்லாமல் என்ஜினைக் கிளம்பவிடாத இம்மொபிலைசருக்கும் சாவிக்கும் அது நியாயம், சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் பெட்டிக்கு எதற்கு? அந்தக் கணினியே பழசாகி, அதை ஓட்டத் தெரிந்த ஆள் ஓய்வு பெற்று, புது ஸ்கேனர் எங்கள் காரை அடையாளமே காணாமல் போகும்போது நாங்கள் எங்கே போவது?

மெக்லாரன் எஃப்1 கதை உங்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். மொத்தமே 106 கார்கள்தான் செய்தார்கள். உலகத்திலேயே விலை உயர்ந்த கார்களில் ஒன்று. அதை சர்வீஸ் செய்ய 1990களின் காம்பேக் லேப்டாப் ஒன்றைப் பல வருடம் பாதுகாத்து வைத்திருந்தார்கள், அதில் பொருத்தும் ஒரு தனி அட்டை இருந்தால்தான் காரோடு பேச முடியும் என்பதால். அவ்வளவு விலை போகும் காருக்கே இந்த நிலை என்றால், மலிவாக இறங்கிவிட்ட எங்கள் கார்களுக்காக யார் பழைய லேப்டாப்பைத் துடைத்து வைத்திருக்கப் போகிறார்கள்?

மனது வைத்தால் முடியும் என்பதை உங்களில் சிலரே காட்டியிருக்கிறீர்கள், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். போர்ஷே 959 மொத்தம் 292 தான். அதன் கிளட்ச் ரிலீஸ் லீவர் கிடைக்காமல் போனபோது போர்ஷேயின் கிளாசிக் பிரிவு அதை உலோகத் தூளிலிருந்து லேசர் வைத்து 3டி பிரிண்டரில் செய்தது, 2018-இல் அறிவித்தார்கள். அச்சு வார்க்க வேண்டாம், ஆயிரம் எண்ணம் செய்து கிடங்கில் அடுக்க வேண்டாம், கேட்கும்போது ஒன்று செய்தால் போதும். நிசானின் நிஸ்மோ பிரிவு 2017-இல் ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆருக்கு பாகங்களைத் திரும்பத் தயாரிக்க ஆரம்பித்தது. டொயோட்டா 2020-இல் ஏ70, ஏ80 சூப்ராக்களுக்கு அதையே செய்தது. நல்ல வேலை, கை தட்டுகிறேன். ஆனால் கவனியுங்கள், பெரும்பாலும் பெயர் பெற்ற கார்களும் விலை ஏறிய கார்களும்தான் இந்த வரிசையில் முதலில் வருகின்றன. ஒரு கார் விலை ஏறும்வரை பிழைத்திருக்க அதற்கு நடுவயதில்தான் பாகம் தேவை. அந்த நேரத்தில் கிடைக்காமல்தான் நல்ல கார்கள் பாகத்துக்காகப் பிரிக்கப்பட்டு முடிகின்றன, ஒரு ஹெட்லைட்டுக்காகவும் ஒரு பம்ப்புக்காகவும்.

சட்டம் கொஞ்சம் உதவுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2007-இன் ஒழுங்குமுறையிலும் பிறகு 2018-இன் ஒழுங்குமுறையிலும், பழுது பார்க்கும் தகவலை வெளி மெக்கானிக்குகளுக்கும் கொடுக்கச் சொல்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-இலேயே இதற்குச் சட்டம் போட்டது. ஆனால் நீங்களே தயாரிப்பை நிறுத்திவிட்ட பாகத்தை எந்தத் தகவல் சட்டமும் செய்து தராது. அது நீங்களாக மனமுவந்து செய்ய வேண்டியது.

ஆகவே கேட்கிறேன். ஒரு பாகத்தை நிறுத்தப்போகிறீர்களா, ஒரு வருடம் முன்பே சொல்லுங்கள், வேண்டியவர்கள் முன்பணம் கட்டி ஆர்டர் கொடுப்போம், கடைசியாக ஒருமுறை செய்து கொடுத்துவிட்டு நிறுத்துங்கள். அதற்குப் பிறகு அதன் வரைபடத்தையும் அளவுகளையும் உரிமக் கட்டணம் வாங்கிக்கொண்டாவது சின்னப் பட்டறைகளுக்குக் கொடுங்கள். முழு செட்டை மட்டும் விற்காமல், உள்ளே இருக்கும் சீலையும் பல்சக்கரத்தையும் தனி எண் போட்டு விற்கத் தொடங்குங்கள். ஆதரவை நிறுத்திய மாடல்களுக்கான பழைய டயக்னாஸ்டிக் (பழுதைக் கண்டுபிடிக்கும்) மென்பொருளையும் வயரிங் படங்களையும் யாரும் பயன்படுத்தும்படி திறந்துவிடுங்கள், சாவியும் இம்மொபிலைசரும் மட்டும் உங்கள் காவலிலேயே இருக்கட்டும், ஆனால் சாவி தொலைந்தால் முப்பது வருடம் கழித்தும் ஒன்று செய்து தருவோம் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். அப்புறம், உங்கள் சர்வீஸ் சென்டர்களில் எங்கள் கார் நுழையும்போது இது பழசு, விற்றுவிட்டுப் புதுசு வாங்குங்கள் என்று சொல்வதை நிறுத்தச் சொல்லுங்கள். அந்தக் காரைச் செய்தவர்களில் சிலர் இன்னும் உங்களிடமே வேலை பார்க்கிறார்கள், அவர்கள் காதில் விழுந்தால் மனம் வலிக்கும்.

உங்கள் விளம்பரம் ஒவ்வொன்றிலும் பழைய மாடல் ஒன்று புது மாடலுக்கு முன்னால் ஓடி வருகிறது. அந்தப் பழைய கார்களை ஓடும் நிலையில் வைத்திருப்பவர்கள் நாங்கள்தான், எங்கள் கைக்காசில். சாலையில் எங்கள் காரைப் பார்த்து ஓடி வந்து சத்தம் கேட்கும் பிள்ளைகள்தான் நாளைக்கு உங்கள் ஷோரூமுக்கு வரப்போகிறார்கள்.

இந்த மடலுக்குப் பதில் எழுதுவதாக இருந்தால், பாரம்பரியம், பெருமை என்றெல்லாம் நீளமாக வேண்டாம். 1995-க்கும் 2010-க்கும் இடையில் நீங்கள் விற்ற ஸ்போர்ட்ஸ் கார் மாடல்களில், இன்றைக்குக் கிடைக்காத பாகங்களின் பட்டியலை வெளியிடுங்கள். எதை முதலில் திரும்பச் செய்ய வேண்டும் என்று நாங்களே வரிசைப்படுத்தித் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய கார் ஒன்றின் இன்றைய சொந்தக்காரன்