செல்வத்துக்கு, அந்த நாலு லட்சம் பற்றி

செல்வம்,

அப்பாவின் வருஷத் திவசத்துக்கு வந்தாய். வாசலிலேயே நின்றாய். இலை போடுவதற்குள் கிளம்பிவிட்டாய். நேரில் கேட்டால் சிரித்து மழுப்புவாய், அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

பெங்களூர், விமானபுரா குவார்ட்டர்ஸ். உங்கப்பா இஸ்திரித் துணியைக் கொண்டுவந்தார். மேலாக அப்பாவின் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலைச் சட்டை, அதற்கும் மேலே, உன் படிப்புக் கடனுக்கு அப்பா ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டிய, நாலாக மடித்த வங்கிப் படிவம். அப்பா அதைப் பிரிக்கவே இல்லை. ஓரமாக வைத்துவிட்டுத் துணியை எண்ணினார், காசு கொடுத்தார், படிவத்தையும் திருப்பிக் கொடுத்தார். "பார்க்கலாம் முனுசாமி." நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அவர் பக்கமும் காரணம் உண்டு. யாருக்கோ சீட்டுக்கு ஜாமீன் போட்டு, சம்பளத்தில் பிடித்தம் ஆனவர். சரி, அதை விடு. ஆனால் படிப்புக் கடனில் நாலு லட்சம் வரை மூன்றாம் ஆள் ஜாமீனே வேண்டாம் என்பது அவருக்குத் தெரியும். கேன்டீனில் யாரோ சொன்னது. என் கடன் படிவத்தில் மூன்றே முக்கால் லட்சம் எழுதச் சொல்லி, மீதிக்கு பி.எஃப்.பில் கை வைத்தார். நீங்கள் ஐந்து எழுதியிருந்தீர்கள். சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

இப்படிக் காதில் விழும் தகவல் யார் மூலம் வருகிறது என்பது பற்றி கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973-ல் எழுதினார். பாஸ்டன் பக்கம், தெரிந்தவர் மூலம் வேலை பிடித்தவர்களிடம் விசாரித்தாராம். அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்தவர்கள் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு, எப்போதாவது பார்க்கிற ஆள். கூடவே இருப்பவனுக்கு நமக்குத் தெரிந்ததுதானே தெரியும்! என் முதல் வேலையும் எதிர்வீட்டு மாமாவின் மாப்பிள்ளை கல்யாணப் பந்தியில் சொன்னது. உங்கப்பா அதே குவார்ட்டர்ஸில் எல்லா வாசலுக்கும் போனவர். பந்தியில் பக்கத்தில் உட்காரத்தான் யாரும் கூப்பிடவில்லை. ஏன் என்று இங்கே எழுதமாட்டேன். சித்தப்பா வீட்டில் எல்லோரும் இதைப் படிக்கிறார்கள்.

அதற்காக, "அவனுக்கு லக்குடா" என்று அல்சூர் முழுக்க நீ சொல்லிக்கொண்டு திரிவது நியாயமா? கணக்கில் நீ என்னைவிடக் கெட்டிதான். ஆனால் ராத்திரி முழுக்கக் கண் விழித்து அரியர் முடித்தது நான், லக்கு இல்லை. நீயும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பதினெட்டு வயசில் எனக்கு என்னடா தெரியும் என்று சொல்லலாம்தான். தெரியும்.

உன் மகள் பி.யூ., அதாவது பன்னிரண்டாவது, முடிக்கிறாளாமே. 2024-ல் பி.எம். வித்யாலட்சுமி என்று ஒரு படிப்புக் கடன் திட்டம் வந்திருக்கிறது. பட்டியலில் உள்ள கல்லூரி என்றால் சொத்தும் கேட்கமாட்டார்கள், ஜாமீனும் வேண்டாம். அவள் சேரும் கல்லூரி அதில் இருக்கிறதா என்று முதலில் பார். இல்லையென்றால் படிவத்தில் தொகை எழுதுவதற்கு முன்னால் எனக்கு போன் பண்ணு. திட்டிக்கொண்டே பண்ணினாலும் சரி.