உன் துப்பறியும் நாவல் பற்றி

அன்புள்ள கலா,

கைப்பிரதி வந்து சேர்ந்தது. சின்னத் திருத்தங்களை ஓரத்திலேயே பென்சிலால் குறித்திருக்கிறேன். பெரிய விஷயம் மட்டும் இங்கே.

துப்பறியும் நிவேதாவும் சந்தேகத்துக்கு ஆளான ஆதவனும் பேசிக்கொள்ளும் பக்கங்களில் கை வைக்காதே, நன்றாக வந்திருக்கின்றன. கோளாறு பிணத்தில்தான். டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு "இரவு 7:40க்கு இறந்திருக்கிறார்" என்கிறாரே, எந்த டாக்டரும் அப்படிச் சொல்ல மாட்டார். மாலை 5 முதல் இரவு 10க்குள் என்பார், அதையும் இழுத்து இழுத்து. செத்த பின் வரும் விறைப்பு தாடையிலும் கழுத்திலும் 2 முதல் 4 மணி நேரத்தில் தெரியும். சுமார் 12 மணி நேரத்தில் உடல் முழுக்கப் பிடித்துக்கொள்ளும். வெயில், குளிர், சாவதற்கு முன் போராடியது எல்லாமே கணக்கைக் குழப்பும். குழப்பட்டும், உனக்கு அது லாபம். ஆதவன் 6 முதல் 8 வரை எங்கே இருந்தான் என்பதற்குத்தான் சாட்சி உண்டு. மீதி நேரம் நிவேதாவின் தூக்கத்தைக் கெடுக்கட்டும்.

கடைசியில் வில்லன் தானாக ஒப்புக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பதில் ரத்தம் படியும் விதத்தைப் பயன்படுத்து. இதயம் நின்றதும் ரத்தம் கீழ்ப்பக்கமாக இறங்கி, தோலில் ஊதாவாகத் தெரியும். தரையில் அழுந்திய இடம் மட்டும் வெளிறிக் கிடக்கும். 8 முதல் 12 மணி நேரத்தில் அது நிலைத்துவிடும், அதன்பின் விரலால் அழுத்தினாலும் நிறம் மாறாது, உடலைத் திருப்பிப் போட்டாலும் இடம் மாறாது. உன் பிணம் குப்புறக் கிடக்கிறது. சட்டையை விலக்கினால் முதுகு ஊதாவாக இருக்கட்டும், தோள்பட்டை அழுந்திய இடத்தில் மட்டும் வெளிறிய திட்டு. அப்படியானால் இரவெல்லாம் மல்லாந்து கிடந்த உடலை விடியற்காலையில் யாரோ அங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.

விடியற்காலையில் ஆதவன் எங்கே? நிவேதாவின் வீட்டில். அவர்கள் முதல் சந்திப்பைக் கொலை நடந்த இடத்திலிருந்து எடுத்து முந்தைய இரவுக்குக் கொண்டுபோ. அப்போது அந்த விடியற்காலைக்கு அவனுக்கு ஒரே சாட்சி அவள்தான். வாயைத் திறந்தால் வழக்கு கைமாறும். மறைத்தால் அவள் கைபட்ட ஒவ்வொரு தடயத்தையும் எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் கிழித்துவிடுவார். முழு நிம்மதியும் கொடுத்துவிடாதே. உடலை நகர்த்தியவன் அவன் இல்லை என்றுதான் ஆகிறது, கொன்றவன் இல்லை என்று ஆகவில்லை. அந்தச் சந்தேகத்தைக் கடைசிக் கால்வாசி வரை இழு.

இன்னொன்று: ரத்தம் தோய்ந்த சட்டையை நிவேதா பிளாஸ்டிக் பையில் போடுகிறாள். ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும், டிஎன்ஏ கெட்டுப்போகும். உலர்த்தி, காகித உறையில் போட்டு, சீல் வைத்து, யார் யாரிடம் கொடுத்தார்கள் என்று எழுதிவைக்க வேண்டும். பிளாஸ்டிக்கை அவளுடைய புது உதவியாளர் செய்த தவறாக மாற்றிவிட்டால் உனக்கு இன்னொரு சிக்கல் இலவசம். ரத்தக் கறையை ஒளிரவைக்கும் ரசாயனமான லூமினால் வரும் காட்சியில், அது பட்டால் பிளீச்சும் ஒளிரும் என்பதை மறக்காதே. கழுவிய தரை முழுக்க நீலமாக மின்னினால் அது ரத்தம் என்று அர்த்தமில்லை.

திருத்தியதும் முதல் சந்திப்பு அத்தியாயத்தை மட்டும் முதலில் அனுப்பு. மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

அன்புடன்,
வசந்தி