நந்தி ஹால்ட் பார்த்துவிட்டு வந்தேன்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள ராஜூ,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது.

போன வாரம் மருமகனோடு நந்தி ஹால்ட் போயிருந்தேன். எலஹங்காவிலிருந்து சிக்பள்ளாபூர் போகிற பாதையில், நந்தி மலைக்குக் கீழே இருக்கிற குட்டி ஸ்டேஷன். 1915-இல் இரண்டரை அடி நேரோ கேஜாகப் போட்ட பாதை அது. அப்போது மைசூர் திவான் விஸ்வேஸ்வரய்யா. அவர் பிறந்த முத்தேனஹள்ளியும் அந்தப் பக்கம்தான். திவான் ஊர்ப்பக்கம் ரயில் விட்டால் ஜனங்கள் என்னவெல்லாம் பேசியிருப்பார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை!

அதற்கு இரண்டு வருஷம் முன்பே பவுரிங்பேட்டையிலிருந்து கோலாருக்கு இதே மாதிரி ஒரு சின்ன ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. பவுரிங்பேட்டை என்றால் இன்றைய பங்காரப்பேட்டை. அப்புறம் அதையும் சிக்பள்ளாபூர் வரை கொண்டுவந்தார்கள். இதையெல்லாம் கேட்டபோது உங்கள் தஞ்சாவூர் ஜில்லா போர்டு ரயில்வேதான் ஞாபகம் வந்தது. ஜில்லா போர்டு வரி வசூலித்து, அந்தப் பணத்தில் 1894-இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை ரயில் விட்டதே, அது. ஊர்க்காரன் கைக்காசில் வந்த ரயில் என்று உன் அப்பா பெருமையாகச் சொல்வாரே.

நந்தி ஹால்ட் ஸ்டேஷனை ரயில்வேயோடு சேர்ந்து, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற இன்டாக் அமைப்பு சீரமைத்திருக்கிறது. சரிவான ஓட்டுக் கூரை, சின்ன அறைகள், அவ்வளவுதான். இந்த வேலையில் இன்டாக் ஆட்கள் சுண்ணாம்பை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பழைய சுண்ணாம்புச் சுவருக்குமேல் சிமென்ட் பூசினால் உள்ளே ஏறிய ஈரம் வெளியே வர வழியில்லாமல் காரை உப்பி, பொருக்குப் பொருக்காக உதிரும். நம் தெருக் கோயில் மதிலைப் புதுப்பிக்கிறேன் என்று கெடுத்தார்களே, அதே கதை. மேஸ்திரிக்குச் சொன்னால் புரியும், பணம் கொடுக்கிறவருக்குத்தான் புரியாது.

தொண்ணூறுகளில் பாதையை அகலமாக்கினார்கள். கோலார் பக்கத்துப் பாதி வருஷக்கணக்கில் கிடப்பில் கிடந்து, 2013-இல்தான் மறுபடி சேர்ந்தது. கட்டடம் மட்டும் நேரோ கேஜ் அளவிலேயே நிற்கிறது. பக்கத்தில் அகலப்பாதை ரயில் வந்து நின்றால், ஓட்டுக் கூரை பெட்டிக்கு முன்னால் குனிந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு குறை. ரயில்கள் கொஞ்சம்தான், நேரமும் யாருக்கும் தோதாக இல்லை. விடியற்காலையில் நந்தி மலைக்குக் கார்கள் வரிசைகட்டிப் போகின்றன. ஸ்டேஷனுக்கு வருகிறவர்களும் போட்டோ எடுத்துக்கொண்டு காரிலேயே திரும்புகிறார்கள். (நாங்களும் காரில்தான் போனோம், சிரிக்காதே.) இத்தனை செலவழித்துக் காப்பாற்றிய ஸ்டேஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு ரயில் கூட நிறுத்தினால்தான் என்ன? கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்கவா அதைக் கட்டினார்கள்?

பொங்கல் கழித்து வா, ரயிலிலேயே போவோம். அருகே ‘போக நந்தீஸ்வரர்’ கோயில் இருக்கிறது, நொளம்பர், சோழர், விஜயநகர அரசர்கள் என்று பலரும் கைவைத்த இடம், உனக்கு ஒரு நாள் போதாது. அதற்குள் திருத்துறைப்பூண்டி ஸ்டேஷனில் பழைய ஜில்லா போர்டு காலத்துக் கட்டடம் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
மூர்த்தி