முரசுமோட்டையிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

எல்லாரும் சுகம். இதைக் கையால் எழுதுகிறேன். தங்கச்சி படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். போனில் கேட்டால் "ஒன்றுமில்லை அம்மா, வேலை இருக்கிறது" என்று வைத்துவிடுகிறாய். இதை ஆறுதலாக இருந்து வாசி.

சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எத்தனை ஏக்கருக்கு என்று இன்னும் கூட்டம் வைத்துச் சொல்லவில்லை. தன் பங்கையும் சேர்த்து நாங்களே விதைக்கலாம் என்கிறார் மாமா. அவர் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். சிவலை கன்று ஈன்றுவிட்டது. முழங்கால் எப்படி இருக்கிறது? நாலாம் மாடிக்கு இன்னும் படியேறித்தான் போகிறாயா? லிஃப்ட் உள்ள வீட்டுக்கு மாறு என்று சொன்னேன், சிரித்தாய். பயிற்சி முடிந்து வந்ததும் ஐஸ் வை. நேரத்துக்குச் சாப்பிடு. போனை எடு.

நீ இப்போது உதைபந்து ஆடுவதில்லை, மாலைதீவில் அந்தக் கழகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறாய் என்று பெரியம்மாவின் மகன் சொல்லித்தான் அறிந்தேன். அதுவும் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கும்போது, நாலு பேர் கேட்க. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்கப் போவதில்லை. நீ எதைத்தான் சொன்னாய், இதைச் சொல்ல? சவ்வு கிழிந்ததையே ஒப்பரேஷன் முடிந்த பிறகுதானே சொன்னாய்.

விளையாட்டு மாஸ்டரிடம் போனேன். ஓய்வு பெற்றும் மனிதர் பின்னேரமானால் மைதானத்தில்தான் நிற்கிறார். ஆடினவன் பழக்குகிறவனாக மாறினால் அவனுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். உடனே மூன்று பெயர் சொன்னார்: பிரேசிலின் சகாலோ, ஜெர்மனியின் பெக்கன்பவர், பிரான்சின் தெஷாம். உலகக் கிண்ணத்தை ஆட்டக்காரராகவும் வென்று பயிற்றுநராகவும் வென்றவர்களாம். அவர்கள் நன்றாக இருந்து இன்னும் நன்றாகப் போனவர்கள்; முழங்கால் போனவன் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, இங்கிலாந்தின் பிரையன் கிளஃப் என்றார்.

உனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் எழுதுகிறேன். 1962, நத்தாருக்கு மறுநாள், சண்டர்லாந்து அணிக்கு ஆடும்போது எதிரணிக் கோல் காப்பாளருடன் மோதி முழங்கால் சவ்வு அறுந்தது. அப்போது வயது 27, உன் வயது. லீக் ஆட்டங்கள் 274 இல் 251 கோல் அடித்த கால் அது. 1964 இல் திரும்பி வந்து பார்த்தார். மூன்று ஆட்டம்தான் தாங்கியது. பிறகு கழகத்தின் இளைஞர் அணியைப் பழக்க விட்டார்கள். 1965 இல் ஹார்ட்டில்பூல் என்ற சின்னக் கழகத்துக்கு முகாமையாளரானார். 1979 இலும் 1980 இலும் நொட்டிங்ஹம் ஃபொரஸ்டுக்கு ஐரோப்பியக் கிண்ணத்தை வென்று கொடுத்தார்.

மாஸ்டர் கிண்ணங்களைத்தான் அழுத்திச் சொன்னார். ஆட முடியாமல் இருந்த அந்த வருடங்களில் அவர் இரவில் யாருடன் பேசினார் என்று நான் கேட்டேன். மாஸ்டர் பேச்சை மாற்றிவிட்டார். தங்கச்சி தேடி வாசித்துவிட்டு, பிற்காலத்தில் குடி அவரைக் கெடுத்தது, ஈரலையே மாற்ற வேண்டி வந்தது என்றாள். நீ குடிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். மாலேயில் ஊருக்குள் சாராயம் விற்க விடமாட்டார்களாம். அந்த ஊரில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

2022 பெப்ரவரியில் அந்த மன்னார்ப் பிள்ளை அங்கேதான் இறந்துபோனான். நாட்டு அணிக்கு ஆடினவன், உன்னைப் போலப் பின்வரிசைக்காரன். நான் ஒன்றும் சொல்லவில்லை. போனை எடு. வேலை என்றால் வேலை என்று ஒரு வரி எழுது.

பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள், "தம்பி இப்போது பந்து பொறுக்கிக் கொடுக்கிறாரோ?" என்று. அவர்களுக்கு என்ன தெரியும்? மெனிக் பாம் அகதி முகாமில் கூடாரங்களுக்கு நடுவே நீ பந்தை உதைத்ததைவிட, நீ இங்கே நில், நீ அங்கே போ என்று மற்றப் பிள்ளைகளை நிறுத்தியதுதான் அதிகம். உன்னைவிட உயரமான பையன்களும் நின்றார்கள். "இவன் வளர்ந்தால் மேசன் வேலைக்குத்தான் போவான், இப்போதே ஆட்களை வேலை வாங்குகிறான்" என்று அப்பா சொல்லிச் சிரித்தார். அந்த வருடம் அப்பா சிரித்து நான் பார்த்தது குறைவு.

அதனால் பழக்குவதென்றால் ஒழுங்காகப் படித்துவிட்டுப் பழக்கு. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் பயிற்றுநர் சான்றிதழ்கள் சி, பி, ஏ என்று ஏறி, மேலே புரோ வரை போகுமாம். கழகத்துக்கு ஆடினவன் என்பதற்காக யாரும் கையில் தந்துவிடமாட்டார்கள். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு இரண்டாம் முறை இருந்தவன் நீ. முன்கூட்டியே கொப்பியைத் திற. அங்கே படிக்க முடியாவிட்டால் இங்கே வந்து படி. தோற்றுப்போய் வா என்று நான் சொல்லவில்லை. மாஸ்டருக்கு உதவிக்கு ஆள் இல்லை, பிள்ளைகள் ஐம்பது பேர் நிற்கிறார்கள், பெண் பிள்ளைகளும் வருகிறார்கள். அதைத்தான் சொல்கிறேன்.

போன மாதமும் காசு அனுப்பினாய். ஒப்பந்தம் முடிந்தவனுக்கு எங்கிருந்து காசு? கூரை இன்னும் ஒரு மாரிக்குத் தாங்கும். அந்தக் காசு தங்கச்சியின் பெயரில் வங்கியில் கிடக்கிறது, படிப்புக்கு எடுத்துக்கொள். இனி அனுப்பாதே. அனுப்பினால் எடுக்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவு அழைப்போம். வீடியோவில் வா. முகத்தை மட்டும் காட்டிவிட்டு வைத்துவிடாதே. போனை மேசையில் வைத்துவிட்டு எழுந்து நட, ஒரு தரம் குந்தி எழும்பு. நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா

பி.கு. பெரியம்மாவின் மகன் கொழும்புக்குப் போகிறான், அங்கிருந்து மாலே வரும் யாரிடமாவது ஒடியல் மா கொடுத்துவிடுவான். தினமும் சூரை மீன் அலுத்துவிட்டது என்றாய். அதையே போட்டுக் கூழ் காய்ச்சிக் குடி. புளி குறைத்துப் போடு.