'கிரேக்கப் பழமொழி' என்று அச்சிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

தினசரி காலண்டர் அச்சிடும் நிறுவனத்தாருக்கும், இதழ்களில் துணுக்கு தொகுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

ராகு காலம், எமகண்டம் எல்லாம் போட்டபிறகு தாளின் அடியில் இரண்டு வரி இடம் மிஞ்சுகிறது. அதில் நீங்கள் அவ்வப்போது 'கிரேக்கப் பழமொழி' என்று ஒன்றைப் போடுகிறீர்கள். அவற்றில் பல கிரேக்கமும் இல்லை, பழமொழியும் இல்லை என்பதுதான் என் புகார்.

பெரும்புகழ் பெற்ற ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 'அதன் நிழலில் தாங்கள் உட்காரப் போவதில்லை என்று தெரிந்தும் முதியவர்கள் மரம் நடும்போது ஒரு சமுதாயம் உயர்கிறது.' மேடைப் பேச்சாளர் முதல் பள்ளி ஆண்டு மலர் வரை எல்லோரும் இதைக் கிரேக்கர் தலையில் கட்டிவிட்டார்கள். பழைய கிரேக்க மூலம் எதையும் இதற்கு யாரும் காட்டவில்லை. ஓரளவு நெருங்கி வருவது ரோமானிய நாடகக் கவிஞர் கைக்கிலியஸ் ஸ்டாட்டியஸின் ஒரு வரி: வேறொரு தலைமுறைக்குப் பயன்படும் மரங்களை அவன் நடுகிறான். ரோமானியப் பேச்சாளர் சிசரோ எடுத்துக்காட்டியதால் நமக்கு மிஞ்சிய வரி அது. கைக்கிலியஸ் கிரேக்க நாடகங்களைத் தழுவி எழுதியவர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வரியில் சமுதாயமும் இல்லை, உயர்வும் இல்லை. ஒரு கிழவன், ஒரு மரம், அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், மரம் நடுவதைப் பற்றிக் கிரேக்கக் குடும்பங்கள் உண்மையிலேயே சொல்லிவரும் பழமொழி ஒன்று இருக்கிறது. 'திராட்சை உன் கையால் நட்டதாக இருக்கட்டும், அத்தி உன் அப்பன் நட்டதாக, ஆலிவ் உன் தாத்தா நட்டதாக.' ஊருக்கு ஊர் சிறு மாற்றத்தோடு வழங்குகிறது. இது உபதேசமே செய்யவில்லை, விவசாயக் கணக்குச் சொல்கிறது. திராட்சைக் கொடி மூன்று நான்கு வருஷத்தில் பலன் தரும்; நட்டவனே பறித்துத் தின்னலாம். ஆலிவ் அப்படியில்லை. அது நன்றாகக் காய்த்து நிற்கக் காலம் பிடிக்கும், அப்புறம் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். கிரீட் தீவின் வூவேஸ் ஊரில் உள்ள ஆலிவ் மரத்துக்கு 2,000 வயதுக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள், இன்னும் காய்க்கிறது. தாத்தா நட்டதன் கீழ் நின்று பேரன் கேட்கும் பேச்சு இது. இதை விட்டுவிட்டு அந்த மேடை வசனத்தை ஏன் அச்சிடுகிறீர்கள்?

'எங்கே போய்த் தேடுவது' என்று கேட்பீர்கள். கிரேக்கர்கள் இந்த விஷயத்தில் சோம்பேறிகள் இல்லை. அரிஸ்டாட்டில் பழமொழிகளைப் பற்றித் தனி நூல் எழுதியதாகப் பழைய பட்டியல் சொல்கிறது, நூல்தான் கிடைக்கவில்லை. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ஸெனோபியஸ் தொகுத்தது கைக்கு வந்திருக்கிறது. மக்கள் வாயில் வழங்கியவற்றைக் கிரேக்க நாட்டாரியல் அறிஞர் நிகோலாஸ் பொலிதிஸ் 1899 முதல் 1902 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். அந்த வேலை முழுமை பெறவில்லை; நாலு தொகுதியிலும் அடங்காத அளவுக்குச் சரக்கு இருந்தது. 1918-இல் அவர் நிறுவிய நாட்டார் வழக்காற்று ஆவணக் காப்பகம் இன்று ஏதென்ஸ் அகாதெமியின் ஆய்வு மையமாக இருக்கிறது.

அங்கே உள்ளவை எல்லாம் தங்கம் என்று நான் சொல்லவில்லை. 'அடி சொர்க்கத்திலிருந்து வந்தது' என்று ஒன்று உண்டு. பிள்ளைகளை அடிப்பதற்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த சாக்கு. அதைக் குடும்பங்கள் மறந்தால் எனக்கு வருத்தமில்லை. தயவுசெய்து காலண்டரில் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, போடும்போது எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்வது என்று ஒரு சொல்லாவது சேர்த்துப் போடுங்கள். 'வாங்க தாத்தா, உங்க திராட்சைத் தோட்டத்தை உங்களுக்குக் காட்டுறேன்' என்பதை வெறுமனே அச்சிட்டால் பாசமான பேரன் என்று தோன்றும். வீட்டில் அதைச் சொல்வது, நேற்று வந்த பொடியன் அனுபவசாலிக்குப் பாடம் எடுக்கும்போது. 'உன் ஊர்ச் செருப்பையே போடு, ஒட்டுப் போட்டதானாலும் சரி' என்பது கல்யாணப் பேச்சில் வரும். வெளியூர்ச் சம்பந்தம் வேண்டாம் என்று பெரியவர்கள் முட்டுக்கட்டை போடுவதற்கு. எல்லோரும் ஒரே நேரத்தில் யோசனை சொல்லி ஒன்றும் நடக்காதபோது, 'பல சேவல் கூவும் இடத்தில் விடிய நேரமாகும்.' தன் குறை தெரியாமல் அடுத்தவனைக் குறை சொல்பவனுக்கு, 'கழுதை சேவலைப் பார்த்து மண்டை பெருத்தவன் என்றதாம்.' விளக்கமே தேவையில்லாததும் உண்டு: 'அவரைக்கொட்டை ஒவ்வொன்றாய்ச் சேர்ந்தால் பை நிறையும்.' சிறுதுளி பெருவெள்ளம் தெரிந்த வாசகருக்கு வேறென்ன சொல்ல வேண்டும்?

ஆக, நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மூலம் தெரியாத வாசகத்துக்கு நாட்டின் பெயரை ஒட்டாதீர்கள். 'யாரோ சொன்னது' என்று போடுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். தத்துவஞானியின் வாக்கு என்றால் அவர் பெயரைப் போடுங்கள். ஹெராக்ளிட்டஸ் சொன்னது பாட்டி சொன்னதாகிவிடாது.

மாதத் தாள்களுக்கு நானே இரண்டு தருகிறேன். மார்ச்சுக்கு: 'மார்ச், தோலுரிப்பவன், கழியையும் எரிக்க வைப்பவன்.' வசந்தம் வந்தாயிற்று என்று நம்பியிருக்கும்போது குளிர் திரும்பி வரும். விறகு தீர்ந்து, நட்டு வைத்த கழிகளையும் பிடுங்கி அடுப்பில் வைக்க நேரும். ஆகஸ்ட்டுக்கு: 'ஆகஸ்டே, என் நல்ல மாதமே, வருஷத்துக்கு இரண்டு தடவை வரக்கூடாதா!' அத்தியும் திராட்சையும் பழுக்கிற மாதம் அங்கே. இந்த இரண்டின் அடியிலும் 'கிரேக்கப் பழமொழி' என்று தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தாளைக் கிழிக்குமுன் அடிவரியையும் படிக்கும் வாசகர்